தென்துருவத்தில் ஒரு விரிகுடா

ஆம்ஸ்டர்டாமில் எங்கள் கால்வாய்த் தெருவில் மாக்டெல்ட்டைத் தெரியாதவர்கள் கிடையாது. அவள் கணவர் லுப்பெர்ட் செப்புத் தகட்டில் உலகப் படங்களைச் செதுக்குவார். அச்சாகி வரும் தாள்களுக்கு அவள் வண்ணம் தீட்டுவாள். அதே மேசையின் மறுமுனையில் நானும் தூரிகை பிடித்தவள்தான். கடற்கரைக்குப் பச்சை, எல்லைக்குச் சிவப்பு என்று அவள் கோடு இழுத்தால் ஒரு சொட்டு வெளியே போகாது.

ஒரு தாளை மட்டும் அவள் என்னிடம் தரமாட்டாள். தென்துருவத் தாள். நடுவில் துருவம், அதைச் சுற்றி, இருக்கிறது என்று அப்போது எல்லோரும் நம்பிய பெரிய தென்னிலம், ஓரத்தில் ஆப்பிரிக்காவின் முனை. அந்த நிலத்தின் கரையில் விரல் நகம் அளவுக்கு ஒரு விரிகுடா, அதில் வந்து விழும் ஒரு சிற்றாறு. அந்த ஆற்றங்கரையில்தான் தன் ஒரே மகன் விப்ராண்ட் உயிரோடு இருக்கிறான் என்று அவள் நம்பினாள்.

நம்பாமல் என்ன செய்வாள்? கிழக்கிந்தியத் தீவுகளுக்குக் கப்பல் ஏறிய அன்று அவன் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டல்லவா போனான்! "கப்பல் உடைஞ்சா அழுதுடாதேம்மா. அப்பா வெட்டின விரிகுடா இருக்கு. குடிக்க ஆத்துத் தண்ணி இருக்கு. அங்கே ஒதுங்கிக்கிட்டு உட்கார்ந்திருப்பேன். யாராவது வந்து கூட்டிட்டு வரட்டும்."

ஆப்பிரிக்க முனையைத் தாண்டியதும் புயல் அந்தக் கப்பலைத் தெற்கே அடித்துச் சென்றது. கூடப் போன கப்பல்காரர்கள் பார்த்தது அவ்வளவுதான். ஆண்டுகள் ஓடின.

"மாக்டெல்ட் அக்கா, உன் பையன் அங்கே ஒரு ராணியைக் கட்டிக்கிட்டு ராஜா ஆகியிருப்பான்!" என்று மீன்காரி ஹில்லெ சீண்டுவாள்.

"ஆகட்டும்டி. என் மருமக உன்னை மாதிரி நாறின மீனைத் தலையில கட்டாம இருந்தாச் சரி."

தெருவே சிரிக்கும். அவளும் சிரிப்பாள். ஆனால் அந்தத் தாளை எடுத்ததும் அவள் முகம் மாறிவிடும். ஆற்றுக்கு நீலம் தீட்டும்போது, மகனுக்கே தண்ணீர் ஊற்றிக் கொடுப்பதுபோல் இருக்கும் எனக்கு.

ஒரு காலையில் பதிப்பாளர் எவெர்ட் வந்தார்.

"லுப்பெர்ட், கப்பல்காரங்க உன் தென்னிலத்து மேலேயே பாய் விரிச்சு ஓட்டிட்டு வந்துட்டாங்கப்பா! வெறும் கடலாம். மத்தவங்க எல்லாம் அந்த இடத்தைக் காலியா விட்டு அச்சடிக்கிறாங்க. நம்ம தாளைப் பார்த்துச் சிரிக்கிறான் ஒவ்வொருத்தனும். அந்தக் கரை முழுக்கச் சுரண்டி எடுத்துடு."

மாக்டெல்ட்டின் தூரிகை நின்றது.

"ஐயா, எல்லாத்தையும் எடுங்க. அந்த ஒரு விரிகுடாவை மட்டும் விட்டுடுங்க."

"நிலமே இல்லாம விரிகுடா எப்படிம்மா நிக்கும்? கடல்ல தொங்குமா?"

"பார்த்த மாலுமி சொல்லித்தானே இவர் வெட்டினார்? அவனைத் தேடிக் கூட்டிட்டு வரேன். அவனையே கேளுங்க!"

எவெர்ட் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார். லுப்பெர்ட் தலை நிமிரவில்லை.

"சொல்லு லுப்பெர்ட். எந்த மாலுமி?"

"மாலுமி யாரும் இல்ல."

"பின்னே?"

"உளி வழுக்கிடுச்சு, மாக்டெல்ட்."

தகட்டில் விழுந்த ஆழமான கீறலைப் போக்குவது சாமானிய வேலையா? சுரண்ட வேண்டும், பின்பக்கம் சுத்தியலால் தட்டி மேடாக்க வேண்டும், மெருகேற்ற வேண்டும். அதற்குச் சோம்பி, அவர் அந்தக் கீறலையே ஆறாக்கினார். ஆறு வந்து விழக் கரையைக் குடைந்து விரிகுடாவாக்கினார். அவ்வளவுதான் அதன் கதை.

"விப்ராண்ட் கேட்டானே, அவன்கிட்ட என்ன சொன்னே?"

"போர்த்துகீசியன் ஒருத்தன் பார்த்ததாச் சொன்னேன். அப்பாவோட கை வழுக்கிச்சுன்னு பெத்த பிள்ளைகிட்ட எப்படிச் சொல்றது?"

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. எழுந்து போய் அவர் முன்னால் கை நீட்டினாள்.

"சுரண்டுகத்தியைக் குடு."

"உனக்கு எதுக்கும்மா? நான்..."

"இத்தனை வருஷம் தண்ணி விட்டவ நான். அழிக்கிறதும் நானா இருக்கட்டும்."

தகட்டின் மேல் குனிந்தாள். வலப்பக்கம் தேடினாள். தாளில் அது வலப்பக்கம்தானே இருக்கும்! தகட்டில் எல்லாமே திரும்பி இருக்கும் என்பது தெரிந்தவள்தான். அந்த நேரத்தில் அவளுக்கு எது நினைவிருக்கும்? வெறுங்கரையைத் தடவித் தடவி, "இங்கதானே இருந்தான்... காணோமே..." என்று முனகினாள். பாவி மனிதர், லுப்பெர்ட்தான் அவள் விரலைப் பிடித்து இடப்பக்கம் கொண்டுபோய் வைத்தார்.

அவள் சுரண்டினாள். செப்புச் சுருள்கள் அவள் மடியில் விழுந்தன. முதலில் ஆறு போயிற்று. பிறகு விரிகுடா போயிற்று.

முடித்ததும் தகட்டைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

"இன்னும் பள்ளம் தெரியுதுங்க ஐயா. பின்னால இருந்து கொஞ்சம் தட்டிக் குடுங்க."

கடைக்கு வந்த அந்நியனிடம் பேசுகிற குரல். கல்யாணமான நாளிலிருந்து பேர் சொல்லியே கூப்பிட்ட வாய் அது.

"லுப்பெர்ட்னு கூப்பிடேன், மாக்டெல்ட். ஒரே ஒரு தடவை..."

"வேலையைப் பாருங்க ஐயா."

அவர் தகட்டைக் கவிழ்த்து வைத்தார். சுத்தியலை எடுத்துத் தட்டத் தொடங்கினார். அவர் கல்லறைக்குப் போகும்வரை அவள் அவரை வேறு எப்படியும் அழைத்ததில்லை.