பர்மாக்காரி தோயவார்த்த புத்தாண்டு

அந்த வருடம் சித்திரைப் புத்தாண்டு வெள்ளிக்கிழமை வந்தது. கோயிலில் மூலிகை அவித்துச் சின்னப் பிளாஸ்டிக் போத்தலில் தந்த மருத்துநீரைத் தலையில் வைத்து முழுகி, பஞ்சாங்கம் சொன்ன நிறத்துக்குக் கிட்டத்தட்டப் பொருந்துகிற சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு வாசல் கதவைத் திறந்தேன். வெளியே பக்கத்து வீட்டுக்காரி நின்றாள். கையில் ஒரு சில்வர்க் கிண்ணம். அதற்குள் தண்ணீரும், வேலியில் முறித்த ஓர் இலைக்கொப்பும். பூஞ்செடிக்கு ஊற்றப் போகிறாளாக்கும் என்று விலகி வழி விட்டேன். அவள் போகவில்லை.

"உங்கள் மேலே கொஞ்சம் ஊற்றலாமா?" என்று கேட்டாள்.

அவள் பர்மாக்காரி. அதற்கு முந்திய குளிர்காலத்தில்தான் கிங்ஸ்பரியில் எங்களுக்குப் பக்கத்து வீட்டுக்கு வந்திருந்தாள். சூப்பர்மார்க்கெட் ஒன்றில் சுஷி உருட்டுகிற வேலை. கணவர் கப்பலில். நாற்பதைத் தாண்டியிருப்பாள். குப்பை வாளி வைக்கும்போதும் பார்சல் வாங்கி வைக்கும்போதும் நாலு வார்த்தை பேசியிருக்கிறோம், ஆங்கிலத்தில். இரண்டு பேரின் ஆங்கிலமும் ஒரே மாதிரி அங்கங்கே நொண்டும் என்பதால் எங்களுக்குள் ஒரு வசதி இருந்தது.

என்ன ஏது என்று விளங்காமலே தலையை ஆட்டினேன். அவள் இலைக்கொப்பைத் தண்ணீரில் தோய்த்து என் தோளில் மெதுவாக வடியவிட்டாள். ஏதோ வாசனைத் தண்ணீர். சேலைச் சட்டைக்குள் இறங்கி முதுகுவழியே ஓடியபோது உடம்பு சிலிர்த்தது. ஏப்ரல் என்றாலும் லண்டன் ஏப்ரல்தானே.

"எங்கள் புத்தாண்டு வருகிறது" என்றாள்.

"எங்களுக்கு இன்றைக்கே புத்தாண்டு!" என்றேன்.

அவளுக்கு நம்ப முடியவில்லை. எனக்கும்தான். நடைபாதையில் நின்றபடியே விசாரித்தேன். அவர்களுடைய பழைய வருடம் சட்டென்று முடிவதில்லையாம். சூரியன் ஒரு வீட்டை விட்டு மற்ற வீட்டுக்குப் போகிறதற்குச் சில நாள் எடுக்குமாம். அந்த நாட்களில்தான் தண்ணீர். தேவலோகத்து அரசன் அப்போது பூமிக்கு இறங்கி வந்து, யார் எப்படி நடக்கிறார்கள் என்று பார்ப்பானாம். அவன் திரும்பிப் போன பிறகுதான் புது வருடம். அது திங்கட்கிழமை. பண்டிகைக்குப் பெயர் திஞ்ஜான்.

கோயிலுக்குக் காரில் போகும்போது என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இவருக்குப் பஞ்சாங்கத்தில் பைத்தியம். வாக்கியமா திருக்கணிதமா என்று யாரோடும் மணிக்கணக்கில் சண்டை பிடிப்பார்.

"திஞ்ஜான் எண்டே சொன்னவ? அது சங்கிராந்தியப்பா! சங்கிராந்திதான் வாயில திரும்பித் திரும்பி அப்படி ஆயிருக்கும். வாற அரசன் இந்திரன்" என்றார்.

"அப்ப ஏன் அவைக்குத் தண்ணி, எங்களுக்கு மருத்துநீர்?"

"அதை நீர் அவவிட்டைத்தான் கேக்கவேணும்."

கேட்டேன். பின்னேரமே அரியதரமும் பயற்றம் பணியாரமும் ஒரு தட்டில் வைத்துக்கொண்டு போய்க் கேட்டேன். போன வருடத்து அழுக்கையும் பாவத்தையும் கழுவுகிறது என்றாள் முதலில். பிறகு கொஞ்சம் யோசித்து, "எங்கள் ஊரில் ஏப்ரல்தான் ஆகக் கடுமையான வெயில். யாராவது தண்ணீர் ஊற்றினால் உயிர் வந்த மாதிரி இருக்கும்" என்றாள். ஞாயிற்றுக்கிழமை ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் எல்லோரும் கூடுகிறோம், வந்து பாருங்கள் என்று கூப்பிட்டாள்.

ஞாயிறன்று இவர் மழைக்கோட்டோடு வந்தார். "எனக்கு ஏலாது. சளி பிடிச்சால் ஒரு மாதம் இழுக்கும். நான் உள்ள இருந்து பாக்கிறன்" என்று வரும்போதே சொல்லிவிட்டார்.

மண்டபத்துக்குப் பின்னால் கார் நிறுத்துகிற இடத்தில் நீல நிறப் பெரிய பீப்பாய்கள் வைத்திருந்தார்கள். சமையலறைக் குழாயிலிருந்து ஒரு ரப்பர்க் குழாய் யன்னல்வழியே நீண்டு வந்து அவற்றை நிரப்பியது. பெண்கள் சிலர் கேத்தில் கேத்திலாகச் சுடுதண்ணீர் கொண்டுவந்து கலந்தார்கள். குளிருகிற ஊருக்கு அவர்கள் செய்துகொண்ட ஏற்பாடு. பிள்ளைகள் தண்ணீர்த் துப்பாக்கியோடு ஓடினார்கள். கோட்டுப் போட்டு வந்த பெரிய மனிதர்களும் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு வாளியோடு இறங்கினார்கள். முதுகில் வாளித்தண்ணீர் விழுந்தவர் கோபப்படவில்லை, திரும்பிச் சிரித்தார். ஓரமாக இருந்த பிக்குமாரின் பக்கம் மட்டும் யாரும் ஒரு சொட்டுக்கூட எறியவில்லை. வயிற்றுப் பிள்ளைக்காரி ஒருத்தி நடுவாலே நடந்து போனாள். சுற்றிலும் எல்லோரும் தெப்பமாக நனைய, அவள் நனையாமலே போய்ச் சேர்ந்தாள். அது எப்படி என்று நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எனக்கு ஆசை வந்தது. நானும் இறங்கினேன். வாளி தலையில் கவிழும் என்று கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். யாரும் எறியவில்லை. ஒரு பெட்டைப்பிள்ளை வாளியை ஓங்கிக்கொண்டு ஓடி வந்தவள், என் முகத்தைக் கண்டதும் வாளியை இறக்கி வைத்து, கையில் கொஞ்சம் அள்ளித் தோளில் பக்குவமாக வார்த்துவிட்டுக் கும்பிட்டாள். அடுத்து வந்தவனும் அப்படியே. தோள் மட்டும் நனைந்து, மற்றதெல்லாம் காய்ந்தபடி உள்ளே வந்தேன். ஏனென்று விளங்கவில்லை.

உள்ளே மேசை ஒன்றைச் சுற்றி ஒரே ஆரவாரம். அரிசிமா உருண்டைகளை அவித்துத் தேங்காய்ப்பூத் தூவி அடுக்கியிருந்தார்கள். உள்ளே சக்கரைக் கட்டி, எங்கள் மோதகம் மாதிரி. ஆனால் ஒன்றிரண்டில் மட்டும் சக்கரைக்குப் பதிலாகப் பச்சைமிளகாய் வைத்திருப்பார்களாம். கடித்தவர் துள்ளுவதைப் பார்க்கத்தான் அந்தக் கூட்டம். இவர் ஓர் உருண்டையை வாயில் போட்டார். எல்லோரும் மூச்சை அடக்கி இவரைப் பார்த்தார்கள். இவர் நிதானமாக மென்று விழுங்கிவிட்டு, "இது நல்லாயிருக்கு. இன்னொண்டு தரச் சொல்லும்" என்றார் என்னிடம்.

மிளகாய் உருண்டை அகப்பட்டது இவருக்குத்தான். யாழ்ப்பாணத்தானுக்கு மிளகாய் வைத்தால் அவன் துள்ளுவானா? எங்கள் ஊர் உறைப்பை நான் விளக்கிச் சொன்னதும் மேசையே சிரித்தது. அதற்குப் பிறகு இவரை விடவில்லை. மிளகாய் உருண்டை எது எது என்று தேடி இவர் தட்டில் கொண்டுவந்து வைத்தார்கள். இவருக்கும் அன்றைக்குப் பெரிய சந்தோஷம்.

திரும்பி வரும்போது பர்மாக்காரி எங்கள் காரில்தான் வந்தாள். என்னோடு பின்சீற்றில் இருந்தவள் திடீரென்று, "நாளைக்கு உங்களுக்கு வேலையா?" என்று கேட்டாள். மருந்துக்கடையில் எனக்குத் திங்கள் லீவு என்றேன்.

"புத்தாண்டு அன்று வீட்டில் பெரியவர்களின் தலையைக் கழுவிவிடுவது வழக்கம். நான் அம்மாவுக்குச் செய்வேன். ஊரில் சண்டை, இப்போது அங்கே போக முடியாது. இந்த வாரம் போன்கூடப் போகுதில்லை. இங்கே எனக்குப் பெரியவர்கள் என்று யாரும் இல்லை." கொஞ்சம் தயங்கினாள். "உங்கள் தலையைக் கழுவலாமா?"

இவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரிப்பை அடக்கினார். எனக்குச் சுருக்கென்றது. ஐம்பத்தெட்டு வயதில் என்னைக் கிழவி ஆக்கிவிட்டாளே!

"ஒருவர் எப்போது பெரியவர் ஆகிறார்? அதற்கு ஏதும் கணக்கு இருக்கிறதா?" என்று கேட்டேன்.

"கணக்கு இல்லை. உங்கள் மேலே வாளியோடு எறியச் சனம் தயங்கினால், நீங்கள் பெரியவர்."

தோள் மட்டும் நனைந்த காரணம் அப்போதுதான் விளங்கியது.

தலை கழுவ அவளுக்கு ஒரு மரப்பட்டையும் ஒரு காயும் வேண்டுமாம். இரண்டும் இங்கே கிடைக்காது என்று போனில் படம் காட்டினாள். பட்டை எனக்குத் தெரியாது. காயைக் கண்டதும் காரை நிறுத்தச் சொன்னேன். அது சீயாக்காய்.

கிங்ஸ்பரி றோட்டுத் தமிழ்க்கடைக்காரர், "அக்கா, பவுடர் வேணுமோ, முழுக்காய் வேணுமோ? முழுக்காயும் கிடக்கு, ஆரும் தேடுறேல்லை" என்றபடி கீழ்த்தட்டிலிருந்து எடுத்துத் தந்தார். பர்மாக்காரி பையைப் பிரித்து மூக்கருகே வைத்தாள். "இதுதான், இதுதான்" என்றாள், கடைக்கு நடுவில் நின்று.

திங்கள் காலை அவள் வீட்டுக் குளியலறையில், தொட்டிக்கு முதுகு காட்டி ஒரு முக்காலியில் இருந்தேன். அவித்த சீயாக்காய்த் தண்ணீரை இளஞ்சூட்டில் சிறிது சிறிதாக வார்த்தாள். என் தலையில் இன்னொருவர் கை வைத்துத் தோயவார்த்து எத்தனை காலம் என்று யோசித்தேன், பிடிபடவில்லை. அவள் விரல்களுக்கு அவசரமே இல்லை. காதுக்குப் பின்னால், பிடரியில், நெற்றி ஓரத்தில் எல்லாம் தேய்த்தாள். "அம்மா இந்த இடத்தில் நித்திரையாகிவிடுவார்" என்றாள். நான் நித்திரை கொள்ளவில்லை. கண்ணை மட்டும் மூடிக்கொண்டேன்.

துவாயால் துடைத்துவிட்டு நகம் வெட்டியையும் எடுத்தாள். நகமும் வெட்டிவிடுவார்களாம். அதற்கு மட்டும் நான் சம்மதிக்கவில்லை. பிறகு என்னைக் கதிரையில் இருத்தி, தரையில் நெற்றி படும்படி மூன்று தரம் கும்பிட்டாள். காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தேன், அப்படிச் செய்யக்கூடாது என்று கையால் தடுத்தாள். அப்படியே காத்திருந்தாள். பெரியவர் ஏதாவது வாழ்த்த வேண்டுமாம்.

ஆங்கிலத்தில் ஒன்றும் வரவில்லை. "நல்லாயிரு பிள்ளை. கொம்மாவும் சுகமாய் இருக்கட்டும்" என்றேன். அவள் அர்த்தம் கேட்கவில்லை.

அதற்கடுத்த கிழமை அவளுடைய அம்மாவுக்குப் போன் லைன் கிடைத்தது. சந்தோஷத்தில் போனும் கையுமாக எங்கள் வீட்டுக்கே ஓடி வந்தாள். திரையில் அவளுடைய தாய், வெள்ளைத்தலை, மெலிந்த முகம். மகள் பர்மிய மொழியில் நடந்ததையெல்லாம் சொல்லி, என் பக்கம் திருப்பிக் காட்டினாள். தாய் என்னை உற்றுப் பார்த்தார். ஏதோ கேட்டார், மகள் பதில் சொன்னாள். அவ்வளவுதான், தாய் சிரிக்கத் தொடங்கிவிட்டார். நிறுத்தாமல் சிரித்தார்.

"என்ன சொல்லுகிறார்?" என்று கேட்டேன்.

"உங்கள் வயதைக் கேட்டார். சொன்னேன். அவருடைய கடைசித் தங்கைக்கே உங்களைவிட வயது கூடவாம். இந்தச் சின்னப் பெட்டையின் தலையையா கழுவினாய் என்று கேட்கிறார்."

இவர் அடுப்படியில் நின்று விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். சின்னப் பெட்டை என்று என்னை யாரும் சொல்லிக் கேட்டு வெகுநாளாகியிருந்தது. இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்க வேண்டும்போல இருந்தது, ஆனால் அதற்குள் லைன் போய்விட்டது.