வெண்டைக்காய் முத்திரையில் பிசிறு

வெண்டைக்காயின் காம்பை இரண்டு விரலால் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஜெகதீசன் மெதுவாக ஒரு சுற்று சுற்றிப் பார்த்தான். பிறகு ஆள்காட்டி விரலை அதன் முதுகின்மேல் காம்பு முதல் நுனி வரை ஓட்டினான். “லேசா வளைவு கீது. பரவால்ல,” என்று பச்சைத் தட்டில் வைத்தான். அடுத்த காயில் புழுத்துளை இருந்தது. அது சிவப்புத் தட்டுக்குப் போயிற்று. எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்திருந்த நாலு வயது மகள் வர்ணிகா, தன் முறை எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

குழம்புக்காக நடந்த தேர்வு அல்ல அது. வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கி, வண்ணத்தில் தோய்த்து, தாளில் குத்திப் பூப் போடும் விளையாட்டு. நர்சரிப் பள்ளி ரெஜினா மிஸ் அன்று காலை வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பிய வேலை. “அஞ்சே நிமிஷம்தான், குட்டீஸ்,” என்று அவர் சொல்லியிருந்தார். ஜெகதீசன் வீட்டில் காய் தேறுவதற்கே அரை மணி ஆகிவிட்டது. கடைசியில் வர்ணிகா ஆசையாகக் குத்திய முதல் பூவைக் குனிந்து பார்த்து அவன் சொன்னான்: “ஓரத்துல பிசிறு வந்துகீது பாரு.”

சிங்கப்பெருமாள் கோயிலுக்கு அப்பால் உள்ள தொழிற்பேட்டையில், கார்க் கதவுகளைச் சுற்றி வரும் ரப்பர் பட்டை செய்யும் கம்பெனி ஒன்றில் அவன் தரப் பரிசோதகன். பட்டை கைக்கு வந்தால் கண் பார்ப்பதற்கு முன்பே விரல் பார்த்துவிடும். மயிரிழைப் பிசிறு இருந்தாலும் விரல் அங்கே நின்றுவிடும். நல்லதென்றால் பச்சை ஸ்டிக்கர். கொஞ்சம் செப்பனிட்டால் தேறும் என்றால் மஞ்சள். அதற்கு ‘ரீவொர்க்’ என்று பெயர். ஆகவே ஆகாது என்றால் சிவப்பு. சிவப்புக்கு அங்கே ‘என்.ஜி.’ என்பார்கள். அப்படிச் சொல்லிவிட்டால் அப்பீல் கிடையாது.

இந்த விரல் வேலை முடிந்ததும் ஓய்வெடுக்கும் விரல் அல்ல. சொந்தக்காரர்கள் புதுக் கார் வாங்கிக் கொண்டுவந்து காட்டினால் மற்றவர்கள் உள்ளே ஏறி உட்கார்ந்து பார்ப்பார்கள். ஜெகதீசன் வெளியே நின்றபடி கதவோரத்தைத் தடவிக்கொண்டிருப்பான். அவன் கல்யாணத்தில் தாலியின் மூன்றாவது முடிச்சை அவன் அக்கா போட்டாள். மாப்பிள்ளை அதை ஒருமுறை இழுத்துப் பார்த்து உறுதி செய்துகொண்டது வீடியோவில் பதிவாகியிருக்கிறது. பெண் வீட்டார் இன்றைக்கும் அந்த இடத்தில் நிறுத்திவைத்துச் சிரிப்பார்கள்.

பள்ளிகள் மூடிக் கிடந்த இரண்டாவது வருடம் அது. மனைவி ஜோதிலட்சுமிக்குச் செங்கல்பட்டில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஊரே மூக்கில் குச்சி விட்டுக்கொள்ள வரிசையில் நின்ற நாள்களில் அவளுக்கு லீவு என்ற பேச்சே இல்லை. குழந்தையைப் பகலில் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஜெகதீசன் கேட்டு வாங்கி நிரந்தரமாக இரவு ஷிப்டுக்குப் போனான். காலையில் கம்பெனி பஸ் அவனை இறக்கிவிடும். ஜோதி குழந்தையை ஒப்படைத்துவிட்டு ஓடுவாள். பிற்பகல் அவள் திரும்பி வரும்வரை அவன் தூங்கக் கூடாது. தூங்காமல் இருக்க அவன் கண்டுபிடித்த வழி, வீட்டிலும் டியூட்டியில் இருப்பதுபோலவே நடந்துகொள்வது. கடைத்தெரு ஃபேன்சி ஸ்டோரில் மூன்று நிறத்தில் பிளாஸ்டிக் தட்டும், அதே மூன்று நிறத்தில் வட்ட ஸ்டிக்கரும் வாங்கி வந்தது அப்படித்தான்.

துவரை, பாசிப்பயறு, கொண்டைக்கடலை மூன்றையும் கலந்து கொடுத்துக் குழந்தையைப் பிரிக்கச் சொல்லுங்கள் என்றார் ரெஜினா மிஸ். வர்ணிகா பிரித்து முடித்ததும், உடைந்த துவரையைத் தனியே எடுக்க மறந்துவிட்டாள் என்று ஜெகதீசன் மொத்தத்தையும் மஞ்சள் தட்டில் கொட்டினான். ஒரு டம்ளரிலிருந்து இன்னொன்றுக்குத் தண்ணீர் ஊற்றும் விளையாட்டுக்கு, டம்ளரில் ஸ்கெட்ச் பேனாவால் இரண்டு கோடு போட்டான். மேல் கோட்டைத் தாண்டினால் ‘ஓவர்’. கீழ்க் கோட்டை எட்டாவிட்டால் ‘ஷார்ட்’.

பிள்ளைகள் நாம் சொன்னதைச் செய்கிறார்களோ இல்லையோ, நாம் செய்வதைச் செய்வார்கள்.

“அப்பா, இந்த தோச என்.ஜி.”

“ஏம்மா?”

“ஓரத்துல பிசிறு கீது.”

ஜெகதீசன் தட்டை வாங்கி விரலால் தடவிப் பார்த்தான். இருந்தது. குற்றச்சாட்டு நியாயமானது என்பதால் அந்தத் தோசையைத் தானே தின்றுவிட்டு வேறொன்று வார்த்தான். சாயங்காலம் ஜோதி ரசம் சோறு பிசைந்தபோது, வர்ணிகா சட்டியின் மேல் கையை வைத்து மூடினாள்.

“ரசம் ஹோல்டு.”

“ஹோல்டுன்னா இன்னாடி?”

“அப்பா வந்து பாக்கற வரிக்கும் யாரும் தொடக் கூடாது.”

“உங்கப்பா தூங்கிக்கினு கீறாரு. அந்த மனுஷன் எந்திரிக்கிறதுக்குள்ள ரசம் ஊசிப்பூடும், வாயத் தொற.”

இது வீட்டோடு நின்றிருந்தால் ஜோதியும் சிரித்துவிட்டுப் போயிருப்பாள். ஒருநாள் ரெஜினா மிஸ்ஸே போன் செய்தார்.

“ஜெகதீசன் சார், யானை படம் அனுப்பியிருக்கீங்களே, யார் கலர் அடிச்சது?”

“வர்ணிதான் மிஸ்.”

“முழுசாவா?”

“கொஞ்சம் ரீவொர்க் பண்ணேன்.”

“கொஞ்சம்னா?”

“யானைய மட்டும்.”

“படத்துல யானை மட்டும்தானே சார் இருக்கு.”

“கீழ பேரு எழுதிகீறா மிஸ். அது அவளே எழுதுனது.” ஜெகதீசன் பொய் சொல்லத் தெரியாதவன். “கோணலா இருந்திச்சி. அத்த மட்டும் லேசா...”

“சார், அடுத்த தடவை யானைக்கு அஞ்சு கால் இருந்தாக்கூட அப்படியே அனுப்புங்க,” என்று சொல்லிவிட்டு மிஸ் போனை வைத்தார். அஞ்சு கால் யானையை எந்தத் தட்டில் வைப்பது என்று ஜெகதீசன் அன்றைக்கெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தான்.

வியாழக்கிழமை, இலையை அடியில் வைத்து மேலே கிரேயான் தேய்க்கும் வேலை. தேய்த்துக் காட்டிக்கொண்டிருக்கும்போதே ஜெகதீசனுக்குக் கண் சொருகிவிட்டது. கையில் கிரேயான் பிடித்தபடி சுவரில் சாய்ந்து தூங்கிப்போனான். தாழ்ப்பாளை முக்காலி போட்டு எட்டித் திறந்து, சிவப்பு ஸ்டிக்கர் தாளோடு வர்ணிகா பக்கத்துக் காய்கறிக் கடைக்குப் போனாள். கடைக்காரர் சதாசிவம் போனில் பேசிக்கொண்டிருந்தார். அவர் பேசி முடிப்பதற்குள் கால் கூடைத் தக்காளி பரிசோதிக்கப்பட்டுவிட்டது. இரண்டு கத்தரிக்காய்க்கும் தீர்ப்பு ஆகியிருந்தது. சற்று நேரத்தில் வந்த பெண்கள் சிவப்புப் பொட்டு ஒட்டியதெல்லாம் தள்ளுபடி என்று முடிவு செய்து அதையே பொறுக்க ஆரம்பித்தார்கள். இல்லை என்று சதாசிவம் அடித்துச் சொன்னபோது, “அப்ப எதுக்குய்யா ஒட்டி வெச்சிகீற?” என்று சண்டைக்கு வந்தார்கள்.

கதவைத் தட்டி எழுப்பிய சதாசிவத்தின் வழுக்கையிலும் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் இருந்தது. அவருக்கு அது தெரியாது.

“இன்னா தம்பி, உம் பொண்ணு எங்கடைய ஆடிட் பண்ணிட்டுப் பூட்சி. நா இன்னா காரு கதவா விக்கிறேன்? லாரி போற ரோடுப்பா இது. நீ பாட்டுக்கு வாயத் தொறந்துகினு தூங்கறியே.”

ஜெகதீசன் குழந்தையைத் தூக்கிக்கொண்டான். கடை பக்கத்திலேயே இருந்தது, ரோட்டைத் தாண்டும் வேலை இல்லை. ஆனால் அதற்கு மேல் நினைத்துப் பார்க்க அவனுக்குத் துணிவில்லை.

ஜோதி வந்ததும் அவனே சொல்லிவிட்டான். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“ஞாயித்துக்கெழம வேண்டா அக்கா வூட்ல கொண்டும்போயி வுட்டுடலாம் மாமா. ஸ்கூல் தொறக்கற வரிக்கும் அங்க இருக்கட்டும்.”

வேண்டா ஜோதிக்கு மூத்தவள், கடப்பாக்கத்தில் இருக்கிறாள். பள்ளி எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியாத காலம்.

“இனிமே தூங்க மாட்டேன் ஜோதி.”

“தூக்கத்துக்காக மட்டும் சொல்லல. நைட்டெல்லாம் முழிச்சிட்டு வர்ற, தூக்கம் வரத்தான் செய்யும். கொழந்த கோடு போடறதுக்கு முன்னாடியே உம் மூஞ்சப் பாக்குது, பாத்தியா? ‘ஓகேவாப்பா, ஓகேவாப்பா’ன்னு. நேத்து கக்கூசுல ஒக்காந்துகினு கேக்குது மாமா.”

ஜெகதீசனுக்குச் சிரிப்பு வந்து பாதியில் நின்றுபோயிற்று. அவள் சொன்னது சரி. வெறும் தாளைக் கொடுத்தால் வர்ணிகா கிரேயானைத் தாளுக்கு மேலே பிடித்துக்கொண்டு அவனை அண்ணாந்து பார்க்கிறாள். அவன் தலையாட்டினால்தான் கை இறங்குகிறது. அதை அவன் இத்தனை நாளும் ஒழுங்கு என்று நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தான்.

அன்றிரவு ஷிப்டில் அவன் செய்த தவறு அவன் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து செய்யாதது. கம்பெனிக்குப் புது அச்சு ஒன்று வந்திருந்தது. அதைப் பூட்டி ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவன் அவன் கூட்டாளி பெஞ்சமின். புது அச்சில் முதலில் வரும் பட்டைகள் பாதி வெந்தும் பாதி வேகாமலும், குமிழி விட்டும், வாலும் தலையுமாகத்தான் வரும். ஜெகதீசன் யோசனையில்லாமல் முதல் பட்டையை எடுத்தான், தடவினான், சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டினான்.

பெஞ்சமின் அந்த ஸ்டிக்கரை உரித்து ஜெகதீசன் சட்டைப் பையின் மேல் ஒட்டினான்.

“மச்சான், இது ட்ரயலுடா. ட்ரயல் பீசுக்கு எவனாவது ஸ்டிக்கர் ஒட்டுவானா? அச்சு இப்பத்தான வந்துகீது. அது எந்தச் சூட்டுக்கு எப்டி வருதுன்னு பாக்கணும், அவ்ளோதான். இன்னா ஆச்சி உனக்கு, வூட்ல எதுனா பேஜாரா?”

“இல்லடா,” என்றான் ஜெகதீசன். காலை பஸ்ஸில் பெஞ்சமின் வாங்கிக் கொடுத்த நாஸ்தாப் பொட்டலத்தைப் பிரிக்காமலே மடியில் வைத்துக்கொண்டு வந்தான். சட்டையில் ஒட்டியிருந்ததை மறந்துவிட்டிருந்தான். வாசலில் வர்ணிகாதான் பார்த்தாள்.

“அப்பா, நீ என்.ஜி.யா?”

“ஆமாம்மா.”

அவள் அவனைக் குனியச் சொல்லி, நகத்தால் சுரண்டிச் சுரண்டி அதை எடுத்தாள். முழுதாக வரவில்லை. அன்று பகல் முழுவதும் தாழ்ப்பாளுக்கு மேலே பூட்டும் தொங்கியது. ஜெகதீசன் மூன்று தட்டையும் கழுவித் துடைத்து, ஒன்றில் வெங்காயமும் ஒன்றில் பூண்டும் போட்டுச் சமையலறைக்கு அனுப்பிவிட்டான். மூன்றாவதில் வைக்க வீட்டில் எதுவும் இல்லை. மாலையில் ஜோதி குழந்தையின் உடுப்புகளைத் துவைத்து மடித்துப் பையில் அடுக்கினாள். அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமைக் குரல் பதிவு சின்னது. “இன்னிக்கு மண்ணும் தண்ணியும். பெரியவங்க பக்கத்துல இருங்க, போதும். போட்டோ வேண்டாம்.” கடைசி இரண்டு வார்த்தை தனக்கென்றே சொல்லப்பட்டது என்று ஜெகதீசனுக்குத் தோன்றியது.

வீட்டுக்குப் பின்னால், முருங்கை மரத்தடியில் ஒரு வாளித் தண்ணீர் வைத்தான். படியில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் சொருகிக்கொண்டான். வர்ணிகா கையளவு மண்ணை நனைத்துத் தட்டையாக்கி, அவன் முகத்தைப் பார்த்தாள்.

“ஓகேவாப்பா?”

“அப்பாக்கு இன்னிக்கி லீவும்மா.”

“அப்ப யாரு பாக்கறது?”

“யாரும் இல்ல.”

இது அவளுக்கு நம்பும்படியாக இல்லை. முருங்கை மரத்தைப் பார்த்தாள். சதாசிவம் கடைப் பக்கத்து மதிலைப் பார்த்தாள். எங்கும் யாரும் இல்லை என்று தெரிந்ததும் இரண்டு கையையும் ஓங்கிச் சேற்றில் அடித்தாள்.

அதன்பிறகு இட்லி வந்தது. ஒன்றுபோல் ஒன்று இல்லை. ஒரு கால்வாய் வந்தது, அது மேட்டை நோக்கி ஓடியது. தொப்பை வைத்த பாம்பு ஒன்று வந்தது. ஜெகதீசனின் விரல்கள் தொடைக்கடியில் மரத்துப்போயின. சுற்றிலும் மதில், வெயில், இரவெல்லாம் விழித்த கண். எப்போது அயர்ந்தான் என்று அவனுக்கே தெரியாது. விழித்தபோது பாதத்திலிருந்து முழங்கால்வரை இரண்டு காலிலும் சேறு அப்பியிருந்தது. வர்ணிகா முழங்காலுக்கு மேல் வேலையைத் தொடர்ந்துகொண்டிருந்தாள்.

“அசையாத. காயணும்.”

அவன் அசையவில்லை. அவள் மேலே பார்க்கவே இல்லை. நாக்கைத் துருத்திக்கொண்டு பூசிக்கொண்டிருந்தாள்.

ஜோதி வந்து பின்கதவைத் திறந்தபோது, புருஷன் அரைச் சிலையாக உட்கார்ந்திருந்தான். பிள்ளையின் கண்ணும் பல்லும் மட்டும் தெரிந்தன.

“இன்னா மாமா இது?”

“காஞ்சிகினு கீறேன்.”

ஜோதி பையைக் கீழே வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். குளிப்பாட்டும்போது வர்ணிகா ஓயாமல் பேசினாள். பாம்பு இட்லி தின்றதாம், அதனால்தான் தொப்பையாம். அப்பாவின் கால் ரெண்டும் பாலமாம், அதன்மேல் ரயில் போகுமாம். சொல்லிக்கொண்டே போனாளே தவிர, ஒருமுறைகூட நிறுத்தி யாரையும் எதுவும் கேட்கவில்லை.

போட்டுவிடத் துவைத்த உடுப்பு வெளியே எதுவும் இல்லை. எல்லாம் கடப்பாக்கம் பையில் இருந்தது. ஜோதி அதைத் திறந்து, வேண்டியதைத் தேடி மொத்தத்தையும் கட்டிலில் கொட்டினாள். கவுனை வர்ணிகா பிடுங்கிக்கொண்டாள். “நானே,” என்றாள். மேல் பொத்தானை இரண்டாவது துளையில் போட்டாள். அடுத்தது அதற்கடுத்த துளையில் போயிற்று. கவுன் ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி, கழுத்தோரம் சுருக்கம் விழுந்து நின்றது. அதோடு அவள் அப்பாவின் முன்னால் வந்து நின்றாள்.

ஜோதி பொத்தானைப் பார்க்கவில்லை. ஜெகதீசனின் கையைப் பார்த்தாள்.

கை நீண்டது. பாதி வழியில் நின்றது. பிறகு பக்கவாட்டில் திரும்பி, கட்டிலில் கிடந்த காலிப் பையை எடுத்து, பரண்மேல் எட்டித் தள்ளியது.