புற்றை இடித்த வாரம்

தொண்ணூற்றொன்றில், பென்னலூரில் எங்கள் வீட்டு உத்தரத்திலிருந்து கசகசா மாதிரித் தூள் கொட்டத் தொடங்கியது. கம்பெனியில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்தால் முதல் வேலை அதைப் பெருக்குவதுதான். பெருக்கி நிமிர்வதற்குள் மறுபடி கொட்டும். சலித்துப்போனேன். உத்தரத்தைத் தட்டினால் உள்ளே ஒன்றுமில்லாத ஓசை வந்தது. அதன் கீழேதான் என் இரண்டு பிள்ளைகளும் படுத்தார்கள்.

கரையான் என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: கொல்லையில் இடுப்புயரத்துக்குப் புற்று கட்டி உட்கார்ந்திருந்ததே, அது. மழை விட்ட சாயங்காலம் அதிலிருந்து கிளம்பும் ஈசலைப் பிடித்து அரிசியோடு வறுத்துத் தின்றிருக்கிறோம். வெள்ளிக்கிழமை தவறாமல் பக்கத்து வீட்டு அக்கா வந்து மஞ்சள் தூவிப் பால் ஊற்றுவாள். கல்யாணமாகி ஒன்பது வருஷம், பிள்ளை இல்லை. போகாத ஆஸ்பத்திரி இல்லை. கடைசியில் அந்தப் புற்றைத்தான் நம்பினாள்.

அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்த வாரம், என் வீட்டுக்காரர் கையில் கடப்பாரையைக் கொடுத்தேன்.

"பாம்பு கீம்பு இருந்தா?" என்றார்.

"கடிச்சாலாவது ரெண்டு நாள் லீவு கெடைக்கும். இடிங்க" என்றேன்.

இடித்து, மருந்து ஊற்றி, மட்டமாக்கினோம்.

தூள் நிற்கவில்லை. வியாழக்கிழமை வந்த ஆசாரி உத்தரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இன்னாம்மா, புத்துக் கரையான்னா செவுத்துல மண்ணு கோடு இழுத்துக்கினு வரும். இங்க மண்ணு எங்க கீது? இது வேற ஜாதி. காஞ்ச மரத்துக்குள்ளயே பொறந்து அங்கியே குடித்தனம் பண்ணும். அந்தப் புத்தப் போய் இடிச்சியே!"

ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. அக்கா கும்பிட்டதை இடித்துவிட்டேன். என் தலைக்கு மேல் குடித்தனம் நடத்தியது சௌக்கியமாக இருந்தது.

மறுநாள் அக்கா பால் செம்போடு கொல்லைக்கு வந்தாள். வெறும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சண்டை போடுவாள் என்று நினைத்தேன். போட்டிருக்கலாம். உத்தரத்தைச் சொல்லிப் புலம்பினேன்.

"புள்ளைங்க படுக்கிற எடமாச்சே, நீ இன்னா பண்ணுவ" என்றாள். "இப்போ நின்னுச்சா?"

உண்மை வாயில் வரவில்லை. "நின்னுடுச்சிக்கா" என்றேன். வெட்கங்கெட்ட வாய்.

அவள் செம்பை என் கையில் கொடுத்தாள்.

"கறந்த பாலு, வீணாப் போவ வேணாம். புள்ளைங்களுக்குக் காச்சிக் குடு."