பாசிக் கோட்டுக்குக் கீழே நின்ற கேரவன்

கேரவனின் பின்சக்கரங்களுக்குப் பின்னால், கரைப்பக்கமாக, காய்ந்த கடற்பாசி ஒரு கோடாக ஒதுங்கிக் கிடந்தது. அந்த நாட்களை நினைத்தால் எனக்கு முதலில் தெரிவது அந்தக் கோடுதான். மேடத்தின் முகம் அதற்குப் பிறகுதான் வரும். பறுவத்துக்குப் பறுவம், நிலவு நிறைகிற நாளெல்லாம், கடல் அதுவரைக்கும் ஏறிவிட்டுப் போயிருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். கேரவன் அந்தக் கோட்டுக்குக் கீழே, கடல் பக்கத்தில் நின்றது. என் அப்பாவும் கடற்தொழில், என்னைக் கட்டியவரும் கடற்தொழில். தண்ணீர் வரும் என்று பார்த்த உடனேயே எனக்கு விளங்கிவிட்டது.

அரபு நாட்டில், அல் ஐனில், மேடத்தின் வீட்டில் ஏழு வருடம் சமைத்தேன். அவர்கள் கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆட்கள். மேடம் கெட்ட வார்த்தை பேசமாட்டா, கை நீட்டவும் மாட்டா. ஆனால் வேலை நேரத்தில் என் போனை வாங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொள்வா. "உன் நல்லதுக்குத்தான். போன் இருந்தா கை ஓடாது" என்பா. நான் வாய் திறக்கிற ஆள் இல்லை. கொடுத்துவிடுவேன். ஒன்பது வருடம் பிள்ளையில்லாமல் இருந்த என் மகள் அப்போது ஊரில் எட்டு மாதக் கர்ப்பிணி. லீவு கேட்டேன். தன் பிள்ளைகளின் பரீட்சை முடியட்டும் என்றா. பரீட்சை முடிந்ததும் கேரவன் பயணம் வந்துவிட்டது. அதற்கு மூட்டை கட்டத் தொடங்கிய நாள்தொட்டு இரவிலும் போனைத் திருப்பித் தரவில்லை.

மேடத்தின் புருஷனை நான் சார் என்பேன். அவருக்கு மேலே இருந்த மேனேஜரையும் அவர் மனைவியையும் கூட்டிக்கொண்டு, உம் அல் குவைன் பக்கத்துக் கடற்கரைப் பார்க்கில் மூன்று நாள் தங்க, காரில் பூட்டி இழுக்கிற கேரவன் ஒன்றை வாடகைக்கு எடுத்தார்கள். வண்டிகள் நிற்க வெள்ளைக் கல் பதித்த இடம் மேலே இருந்தது. காவற்காரர் ஓடி வந்து, "மாஃபி, மாஃபி! இதர் நஹி, பாய்!" என்று, கீழே போகவேண்டாமெனக் கையை ஆட்டினார். சார் கேட்கவில்லை. "போட்டோல கடல் தெரிய வேண்டாமா?" என்று இழுத்துக்கொண்டுபோய்க் கீழே நிறுத்தினார். மறுநாள் காலை தண்ணீர் பத்தடி தள்ளி வந்து நின்றது. "பாருங்க சார், சீ வியூ!" என்று மேனேஜரிடம் பெருமை பேசினார். அடுத்த நாள்தான் பறுவம்.

அன்றைக்கே அதைச் சொல்லத்தான் நான் போனேன். இதை யாரும் நம்பாவிட்டாலும் பரவாயில்லை. மீன் கழுவிய கையோடு, சொல்லவோ வேண்டாமோ என்று கூசிக் கூசிக் கேரவன் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றேன். சுவர் தகரம் மாதிரி மெல்லிசு. உள்ளே மேடம் மேனேஜரின் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தா. "அதோட மக வீட்ல ஏதோ பிரச்சனையாம். முந்தாநாள்ல இருந்து மருமகன் கூப்பிட்டுட்டே இருக்கான். இப்பச் சொன்னா அழுதுட்டு ஒக்காந்துக்கும். அப்புறம் யாரு சமைக்கறது? வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கலாம்."

பிறகு மேடம் வெளியே வந்தபோது கேட்டேன். "மேடம், என்ட மகள் என்ட போனுக்குக் கோல் எடுத்தவளோ?"

என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னா. "இல்லையே. நீ மீனைக் கவனி. நேத்து உப்பு கொறைச்சல்."

நான் மீனைக் கவனித்தேன். உப்புக் காணாது என்றாவே, அதையும் சரியாகப் போட்டேன். பாசிக் கோட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பின்னேரம் அவர்கள் கம்பளத்தை விரித்து, உட்காருகிற கதிரைகளை இன்னும் கடல் பக்கமாக இழுத்துப் போட்டார்கள். பிடித்துக் கொடுத்தது நான்தான்.

அடுத்த நாள் காலைச் சாப்பாட்டு நேரத்தில் கடல் வந்தது. அலையடித்து வரவில்லை. பால் பொங்குகிற மாதிரிச் சத்தமில்லாமல் வந்தது. முதலில் செருப்புகள் மிதந்தன. பிறகு இட்லி மாவுப் பாத்திரம் மெல்லச் சுற்றிக்கொண்டு போனது. மேனேஜர் காற்சட்டையை மடித்துக்கொண்டு கதிரையில் ஏறி நின்றார். கேரவன் ஒரு பக்கம் சரிந்து, சக்கரம் சேற்றுக்குள் இறங்கியது. இழுக்கப் போன சாரின் காரும் கூடவே இறங்கியது. எல்லோர் முன்னாலும் சார் மேடத்தைப் பார்த்துக் கத்தினார். "கேரவன் கேரவன்னு உயிரை எடுத்தியே, இப்ப உள்ளயே குடியிரு!" நான் ஒரு கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நெஞ்சுக்குள் குளிர்ந்தது. அப்படியொரு குளிர்ச்சியை நான் அதற்கு முன்னும் அறிந்ததில்லை, பின்னும் அறிந்ததில்லை.

மேனேஜரின் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தா. "இந்தம்மா கடக்கரை ஊருதானே? உனக்குத் தெரியாதா?"

"தெரியும்" என்றேன். "என்னை ஆர் கேட்டது?"

மேடத்தின் முன்னாலேயே கேரவனுக்குள் ஏறி, கைப்பையைத் திறந்து என் போனை எடுத்தேன். திரை முழுக்க மருமகனின் பெயரும் மகளின் பெயரும். கூப்பிட்டேன். பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. முந்தின நாளே அடக்கமும் செய்துவிட்டார்கள். மகள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "ஏனம்மா நீங்கள் எடுக்கேல்லை?"

போனில் சார்ஜ் இல்லை என்று பொய் சொன்னேன். என் போனையே இன்னொருத்தியிடம் கொடுத்துவிட்டு நின்றேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. நான் ஊருக்குத் திரும்பிய பிறகு மகள் என்னோடு பேசினாள், சமைத்துப் போட்டாள், காய்ச்சலில் பார்த்தாள். ஆனால் ஆறு வருடமாக என் முகத்தைப் பார்த்து எதுவும் சொன்னதில்லை.

போன கிழமை, இருவரும் மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது, எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். ஜன்னலுக்கு வெளியே நின்றதை, உப்பைச் சரியாகப் போட்டதை, கதிரைகளைப் பிடித்துக் கொடுத்ததை. நான் செய்தது பாவம் என்று சொல்வாளோ என்று பயந்தேன். கத்தியைக் கீழே வைத்தாள்.

"தண்ணி எவ்வளவுக்கு வந்தது?" என்று கேட்டாள்.

"முழங்காலளவுக்கு."

அவள் என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"முழங்காலளவு காணாது, அம்மா" என்றாள்.