ஆங்கில வகுப்பில் நான் பேசிய தமிழ்

நாற்பதை நெருங்கும் வயதில் நான் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தேன். புக்கிட் ரம்பாயில் இரும்புத் தகடு வெட்டி வளைக்கும் தொழிற்சாலை ஒன்றில் எனக்குத் தரம் பார்க்கும் வேலை. ஐந்தாம் படிவம் முடித்த கையோடு, ரெம்பியா பக்கத்திலிருந்து தொழிற்சாலை பஸ்ஸில் ஏறி வந்து சேர்ந்த வேலை. கல்யாணம் ஆயிற்று, பிள்ளை பிறந்தது, வேலை மட்டும் மாறவில்லை. எனக்குப் பின்னால் வந்த டிப்ளோமாக்காரப் பிள்ளைகள் ஒவ்வொருவராக எனக்கு மேலதிகாரி ஆனார்கள். அவர்களுக்கு வேலை கற்றுக்கொடுத்துவிட்டு அவர்களிடமே லீவு கேட்டு நிற்பது எனக்குப் பழகிவிட்டது. என் வீட்டுக்காரருக்குத்தான் பழகவில்லை.

"நீயும் போய்ப் படியேன். யாரு வேணாங்கறது?" என்றார் ஒருநாள்.

வேலை அனுபவத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டு சேர்த்துக்கொள்ளும் வார இறுதிப் படிப்பு ஒன்று இருந்தது. கணக்கு, நிர்வாகம் எல்லாம் எப்படியோ சமாளித்தேன். மலாயில் கேள்வி கேட்டால் மலாயில் பதில் சொல்ல எனக்குத் தெரியும். ஆனால் கல்விசார் ஆங்கிலம் என்று ஒரு பாடம் எல்லோருக்கும் கட்டாயம். கட்டுரை படிக்க வேண்டும், கட்டுரை எழுத வேண்டும், கடைசியில் வகுப்பின் முன்னால் நின்று பேச வேண்டும். தொழிற்சாலையில் நான் பேசிய ஆங்கிலம் 'ஓகே', 'ரிஜெக்ட்', 'மெஷின் டவுன்' என்ற அளவில் இருந்தது. அதை வைத்துக்கொண்டுதான் அந்த அறைக்குள் நுழைந்தேன்.

விரிவுரையாளர் என்னைவிட நிச்சயம் பத்து வயதாவது சிறியவர். தலையை மூடிய துடோங் முக்காடு, மெல்லிய குரல், மடமடவென்று ஆங்கிலம். நடுநடுவே மலாய் பேசினார். மலாய்க்காரப் பெண் என்று நான் முடிவு செய்துகொண்டேன். அந்த வகுப்பில் என்னைத் தவிர ஒரே ஒரு தமிழ்ப் பையன் இருந்தான். புக்கிட் காத்திலில் வீடு, பகலில் ஏதோ இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை. வீட்டிலேயே ஆங்கிலம் பேசி வளர்ந்தவன். என்னைப் பார்த்ததும், "அக்கா, இங்க உக்காருங்க லா" என்று பக்கத்து நாற்காலியைக் காட்டினான். அன்றைக்குப் பிடித்துக்கொண்டதுதான். பாடம் முடியும்வரை அவன் பக்கத்தை விட்டு நான் நகரவில்லை.

வகுப்பு நடக்க நடக்க அவன் காதில் தமிழில் பேசிக்கொண்டே இருந்தேன். அறையில் வேறு யாருக்கும் தமிழ் தெரியாது என்ற தைரியம். கிசுகிசுப்பு என்று நான் நினைத்துக்கொண்டது உண்மையில் கிசுகிசுப்பே இல்லை. பிரஸ் மெஷின்களுக்கு நடுவே பேசிப் பழகிய குரல்.

"என்னா கேக்கறாங்க தம்பி?"

"இந்தப் பத்தியோட மெயின் ஐடியா என்னன்னு கேக்கறாங்கக்கா."

"ஐடியாவா? எனக்கு மொத வரியே வெளங்கல. நான் சும்மா தலையாட்டிக்கிட்டிருக்கேன். என்னைக் கேட்டுட்டாங்கன்னா நீ எதாவது சொல்லிடு."

இன்னொரு நாள், "அவங்க சிரிச்சா நானும் சிரிக்கிறேன். ஜோக்கா இல்லையான்னுகூட தெரியல" என்றேன். வேறொரு நாள் என் கட்டுரையைத் திருத்தித் திருப்பிக் கொடுத்தபோது, "தாளு முழுக்க செவப்பா கெடக்கு. என் மக பார்த்தா மானம் போயிரும். பையில போட்டு மூடு" என்றேன். அவன் சிரித்துக்கொண்டே என் பையின் ஜிப்பை இழுத்தான். விரிவுரையாளர் எங்கள் வரிசையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

பேச்சுக்கான தலைப்பை நாங்களே தேர்ந்தெடுக்கலாம் என்றார்கள். இருவர் இருவராகச் செய்ய வேண்டும். தொழிற்சாலைச் சத்தத்தால் காது கேளாமல் போவது என்று ஒரு தலைப்பை அந்தத் தம்பி பிடித்தான். எனக்குச் சுலபமாக இருக்கும் என்று நினைத்திருப்பான். அதற்காகக் கட்டுரை ஒன்றையும் தேடி எடுத்தான். பாதி அவனுக்கு, பாதி எனக்கு.

என் பாதியை நான் படித்துப் புரிந்துகொள்ளவில்லை. மனப்பாடம் செய்தேன். தமிழ்ப்பள்ளியில் கட்டுரைப் போட்டிக்கு அப்படித்தான் தயாரானோம், அப்படித்தான் பரிசும் வாங்கினோம். வீட்டில் சத்தமாகச் சொல்லிப் பார்க்க வெட்கமாக இருந்தது. மகள் நான்காம் படிவம் படிக்கிறாள், அவள் காதில் விழுந்தால் திருத்துவாள். அதனால் வாசலில் நிற்கும் காடிக்குள் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஸ்டியரிங்கைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். அண்டை வீட்டு மலாய்க்கார மாமி பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றியபடி என்னையே பார்த்தார். யாருடனோ சண்டை போடுகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ.

அந்த நாள் வந்தது. தம்பி முதலில் பேசினான். கையை வீசி, சிரித்து, யாரோ சிநேகிதனிடம் கதை சொல்வதுபோலப் பேசினான். பிறகு என் முறை. தொடக்கம் நன்றாகவே போயிற்று. தொழிலாளர்களிடம் போதிய விழிப்புணர்வு இல்லை, காதுக்கு வைக்கும் பிளக்கை அவர்கள் முறையாகப் பயன்படுத்துவதில்லை என்ற வாக்கியத்தைத் தடங்கலில்லாமல் சொன்னேன். அடுத்த வாக்கியத்தில் 'சஸெப்டிபள்' என்ற சொல் இருந்தது. காடிக்குள் சரியாக வந்த சொல் அங்கே வரவில்லை. 'செப்ட' என்றேன். 'சஸ்பெ' என்றேன். முன்வரிசையில் யாரோ மூச்சை இழுத்துச் சிரிப்பை அடக்கினார்கள். அந்தச் சொல் போனதும் அதற்குப் பின்னால் இருந்த எல்லாமும் சேர்ந்து போய்விட்டது. திரையில் என் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. என் பெயரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பின்வரிசையில் மதிப்பெண் போட உட்கார்ந்திருந்த விரிவுரையாளர் எழுந்தார்.

"அக்கா, மொதல்ல தமிழ்ல சொல்லுங்க. அப்புறமா இங்கிலீஷுக்குப் போலாம்."

வகுப்பே திரும்பி அவரைப் பார்த்தது. தம்பியின் வாய் திறந்தே இருந்தது. அது தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்ட தமிழ் இல்லை, வீட்டுத் தமிழ். எனக்குக் காது மடலிலிருந்து கழுத்துவரை சூடு பரவியது. தலையாட்டுகிறேன் என்று சொன்னது, சிரிக்கிறேன் என்று சொன்னது, செவப்பா கெடக்கு என்று சொன்னது எல்லாம் வரிசையாக வந்து என் முன்னால் நின்றன. அத்தனை வாரமும் அவருக்கு நேராகவே பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. தமிழில் சொல் என்றாரே, என்னால் தமிழிலும் சொல்ல முடியவில்லை. நான் உள்ளே வைத்திருந்தது ஓசை மட்டும்தான். அதற்கு அடியில் தமிழும் இல்லை, மலாயும் இல்லை, ஒரு பொருளும் இல்லை. இத்தனை நாளும் எனக்கு ஆங்கிலம்தான் வராது, மற்றபடி நான் கெட்டிக்காரி என்று என்னிடமே சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தச் சாக்கு அவர்கள் எல்லோர் முன்னிலையிலும் கழன்று விழுந்தது.

அவர் என்னைக் காப்பாற்றப் பார்த்திருப்பார். மெதுவாகக் கேட்டார்.

"தொழிலாளிங்க இயர் பிளக்க ஒழுங்கா போடறதில்லன்னு சொன்னீங்க. ஏன்க்கா போடறதில்ல?"

"தெரியல டீச்சர்" என்றேன். பல்கலைக்கழகத்தில் எல்லோரும் மேடம் என்றுதான் கூப்பிடுவோம். என் வாயில் தமிழ்ப்பள்ளிக் காலத்து 'டீச்சர்' வந்தது.

தெரியாதா எனக்கு? என் பிளக்கே ஷிப்ட் முழுக்கக் கயிற்றோடு கழுத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். ஏன் தொங்குகிறது என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? ஆனால் அந்தக் காரணம் கட்டுரையில் இல்லை. கட்டுரையில் இல்லாதது பதிலாக இருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

வகுப்பு முடிந்து எல்லோரும் போகும்வரை பையை அடுக்குவதுபோலப் பாவனை செய்துகொண்டிருந்தேன். அவரும் போகாமல் நின்றார்.

"மேடம், நீங்க தமிழா?"

"எங்க வாப்பா டவுன்ல துணிக்கடை வச்சிருந்தாங்க. நாங்க வீட்டுல தமிழ்தான்."

"அப்போ நான் பேசினதெல்லாம்…"

"கேட்டுச்சுக்கா." அவர் சிரிக்கவில்லை. "மொத வாரமே சொல்லியிருக்கணும். சொன்னா அந்தத் தம்பிக்கிட்ட கேக்கறதையும் நிறுத்திடுவீங்களோன்னு விட்டுட்டேன். என் தப்புதான்."

கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். என் நிலைமையைப் பார்த்து விட்டுக்கொடுத்திருக்கிறார் என்பதுதான் தாங்கவில்லை.

"அடுத்த வாரம் உங்க பாதிய மட்டும் திரும்பச் செய்யுங்க. அந்தக் கட்டுரைய மனப்பாடம் பண்ணாதீங்க. ஏன் போடறதில்லன்னு கேட்டுக்கிட்டு வாங்க."

"கேக்க வேணாம் மேடம். அது எனக்கே தெரியும்."

"அப்புறம் ஏன் தெரியலன்னு சொன்னீங்க?"

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "உங்களுக்குத் தெரிஞ்சது ஆரம்பம். இன்னும் கொஞ்சம் பேரக் கேட்டு, அவங்க சொன்னதையும் கட்டுரை சொல்றதையும் பக்கத்துல பக்கத்துல வையிங்க. அவ்ளோதான். சின்னச் சின்ன வாக்கியமா எழுதுங்க, போதும்."

வீட்டுக்காரர் காடியோடு வெளியே காத்திருந்தார். எப்படிப் போயிற்று என்று கேட்டார். நல்லாதான் என்றேன். ஆயர் குரோ போகும் சாலையில் நெரிசலில் நின்றபோது என்னால் அடக்க முடியாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"கேட்டுக்கிட்டு சும்மா இருந்தவங்களுக்கு இல்லாத வெட்கம் பேசின உனக்கு என்னா?" என்றார்.

ஆறுதலுக்குத்தான் சொன்னார். ஆனால் அடுத்த சிவப்பு விளக்கில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சிரிச்சா நானும் சிரிக்கிறேன்னா சொன்ன?" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

திங்கட்கிழமை தொழிற்சாலையில் ஓய்வு நேரத்தில் எங்கள் லைன் பெண்களிடம் கேட்க ஆரம்பித்தேன். நேப்பாளத்துப் பெண்கள் இருவர் சிரித்துவிட்டு நகர்ந்தார்கள். ஒரு மலாய்க்காரச் சகோதரி, "வெட்கம் பார்க்காமல் சொல்கிறேன், அதைப் போட்டால் துடோங்குக்குள் காது அரிக்கிறது" என்று மலாயில் சொன்னார். என்னோடு ஒரே பஸ்ஸில் வேலைக்கு வந்து சேர்ந்த தமிழ்ப் பெண் ஒருத்தி இன்னும் பிரஸ் மெஷினில்தான் இருக்கிறாள். அவள் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"எதுக்குக் கேக்கற? ஆபீசுக்குச் சொல்லவா?"

"இல்ல, படிப்புக்கு."

"எங்கள வச்சி நீ டிகிரி வாங்கப் போற."

அவள் சொன்னதில் பிழை இல்லை. பிறகு அவளே சொன்னாள்.

"பிளக்க போட்டா பின்னால ஃபோர்க்லிஃப்ட் வர்றது கேக்காது. சூப்பர்வைசர் கூப்பிட்டா கேக்காது. கேக்கலன்னா செவிடான்னு கத்துவான். அதுக்குக் கழட்டிட்டே நிக்கலாம். இப்போ போட்டாலும் ஒண்ணுதான், போடாட்டியும் ஒண்ணுதான். எடது காது எனக்குச் சரியா கேக்கறதில்ல. ஒனக்குத் தெரியாதா?"

தெரியாது. எத்தனையோ வருடமாக அவளோடு பேசுகிறேன். அவள் தலையைச் சாய்த்து வலது பக்கத்தைக் காட்டிக் கேட்பது அவளுடைய பழக்கம் என்று நினைத்திருந்தேன்.

அடுத்த வார வகுப்பில் மறுபடியும் அதே இடத்தில் நின்றேன். தாளைக் கையில் வைத்துக்கொள்ள விரிவுரையாளர் அனுமதித்தார். நான் எழுதிய வாக்கியங்கள் பள்ளிப் பிள்ளையின் வாக்கியங்கள். தொழிலாளர்களிடம் விழிப்புணர்வு இல்லை என்று கட்டுரை சொல்கிறது. நான் கேட்ட தொழிலாளர்களுக்குச் சத்தம் கெடுதல் என்று தெரியும். அவர்கள் வண்டிக்கும் மேலதிகாரிக்கும் பயந்து பிளக்கைக் கழற்றுகிறார்கள். இதைச் சொல்லவே எனக்கு வியர்த்தது. இறந்தகாலத்தையும் நிகழ்காலத்தையும் கலந்தேன். முன்வரிசையில் அன்று சிரிப்பை அடக்கியவர்களைப் பார்க்கவே இல்லை, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பேசினேன்.

முடித்ததும் சீனப் பையன் ஒருவன் கை தூக்கினான். பேசுபவரும் தொழிற்சாலையில் வேலை செய்கிறாரே, அவர் பிளக் போடுகிறாரா என்று கேட்டான். கேள்வி எனக்கு உடனே புரிந்தது. யாரும் மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை.

'நோ' என்றேன். வகுப்பு சிரித்தது. கேலிச் சிரிப்பு இல்லை என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் முகம் சுட்டது. ஏன் என்று அவன் அடுத்துக் கேட்கவில்லை. அதையும் சேர்த்துச் சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றியது, ஆனால் அதற்குள் தம்பி கைதட்ட ஆரம்பித்துவிட்டான்.

பாடத்தில் தேறினேன், அதுவும் சுமாராகத்தான். எழுத்துக் கட்டுரையில் எல்லா இடத்திலும் 'நாங்கள்' என்று எழுதியிருந்தேன். விரிவுரையாளர் அதை அடித்து 'தொழிலாளர்கள்' என்று மாற்றச் சொன்னார். கல்விசார் எழுத்தில் அப்படித்தான் எழுதவேண்டும் என்றார். மாற்றினேன். பாடம் முடியும்வரை மீதமிருந்த நாளெல்லாம் நான் அவரோடு தமிழில் பேசவில்லை, தப்பும் தவறுமாக ஆங்கிலத்திலேயே பேசினேன். தமிழில் வாயைத் திறந்தால் பழைய கிசுகிசுப்பெல்லாம் கூடவே வந்துவிடும் என்று பயம்.

பிரஸ் மெஷின்காரி ஒருநாள் கண்டீனில் என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"பாசா?"

"பாஸ்."

"நான் சொன்னத என்னான்னு எழுதின?"

நான் அவளுடைய வலது பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தேன். "ஒரு தொழிலாளி இப்படிச் சொன்னார்னு எழுதினேன்."

"பேரு போடலயா?"

"போடக்கூடாதாம்."

அவள் பால் சேர்க்காத தே ஓவை ஆற்றிக் குடித்தாள். "அதுவும் நல்லதுதான்" என்றாள். பிறகு, "சொன்னார்னா எழுதின? மரியாதையாதான் எழுதியிருக்க" என்றாள்.

ஆங்கிலத்தில் அந்த 'ர்' இல்லை என்பதை நான் அவளுக்குச் சொல்லவில்லை.