தும்மினால் பேப்பர் போச்சு!

சென்ற வாரம் எங்கள் வீட்டுக் கூடத்தை நான் தவழ்ந்து கடந்தேன். இந்த வயதில்! முட்டி இரண்டும் இன்னும் மன்னிக்கவில்லை.

ஏன் தவழ வேண்டும்? நிமிர்ந்து நடந்திருந்தால் மகள் நந்தினியின் பரீட்சை பேப்பர் லாக் ஆகியிருக்கும்.

நந்தினி டிகிரி கடைசி வருடம். இந்த முறை இன்டர்னல் பரீட்சையை வீட்டிலிருந்தே லேப்டாப்பில் எழுதச் சொல்லிவிட்டார்கள். சூப்பர்வைசர் கிடையாது. அவருக்குப் பதிலாக ஒரு சாஃப்ட்வேர்... கேமரா வழியாக முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். கண் ஸ்கிரீனை விட்டு விலகினால் வார்னிங். வேறு முகம் தெரிந்தால் வார்னிங். மூன்றாவது வார்னிங்கில் பேப்பர் லாக். இந்தப் பேப்பர் போனால் கேம்பஸ் இன்டர்வியூவும் போச்சு. அவளுக்கு ஒரு மாதமாகச் சரியான தூக்கமில்லை. ஆகவே எனக்கும் இல்லை.

பரீட்சைக்கு முதல் நாள் ஒத்திகை பார்த்தோம். கூடத்தில் லேப்டாப்பைத் திறந்ததுமே சிவப்பு எழுத்து — 'அறையில் வேறு நபர்கள் இருக்கிறார்கள்.'

நானும் கணவரும் சமையலறையில் இருந்தோம். பின்னே யார்? தேடினால்... சுவரில் காலண்டர். முருகன், வள்ளி, தெய்வானை!

"பரீட்சைக்கு சாமியைச் சுவத்துப் பக்கம் திருப்பி வெக்கற குடும்பம் லோகத்துல நாம மட்டும்தான்" என்று முணுமுணுத்தபடி கணவர் காலண்டரைத் திருப்பி மாட்டினார். கையோடு கன்னத்திலும் போட்டுக்கொண்டார்.

பரீட்சை நாள். மட்டாஞ்சேரி பஜாரில் எங்களுடையது மாடி வீடு. கீழே மிளகாய் வற்றல் குடோன். எப்போதும் சாயங்காலம் வரும் லாரி, அன்று பார்த்துக் காலையிலேயே வந்து நின்றது. முதல் மூட்டை தொப்பென்று விழுந்தது. நந்தினி தும்மினாள். தும்மினால் தலை குனியும் அல்லவா?

'தேர்வர் மேஜைக்குக் கீழே பார்க்கிறார். முதல் எச்சரிக்கை.'

அடுத்த மூட்டை. அடுத்த தும்மல். இரண்டாவது எச்சரிக்கை.

"அம்மா... லாரி..." என்று உதடு அசையாமல் ஒரு குரல் வந்தது. சமையலறையிலிருந்து மாடிப்படிக்குப் போக, அவள் முதுகுக்குப் பின்னால்தான் வழி. கேமரா விழித்துக்கொண்டிருக்கிறது. புடவையைச் செருகிக்கொண்டு தரையில் இறங்கிவிட்டேன்.

கீழே மூட்டை இறக்குபவர்களின் லீடர் ஹம்சக்கா (அக்கா அல்ல; 'இக்கா' என்றால் இங்கே மலையாளத்தில் அண்ணன்), நான் மூச்சிரைக்க நிற்பதைப் பார்த்துப் பதறிவிட்டார். "எந்தா சேச்சி? சாருக்கு நெஞ்சு வேதனையா?"

"சார் நல்லாத்தான் இருக்கார், இக்கா. நந்தினிக்குப் பரீட்சை. இன்னொரு தும்மல் வந்தா பேப்பர் போயிடும்!"

அவர் ஒரு கணம் யோசித்தார். "மொளகாய் நிக்கும். பரீட்சை நிக்குமா? டேய், மூட்டையை விடு!"

வேலை நின்றது. ஆனால் லாரி தெருவை அடைத்துக்கொண்டு நிற்க, பின்னால் ஆட்டோக்கள் ஹாரன் அடித்தன. ஹம்சக்கா கையை வீசிக்கொண்டு ஓடினார். "மிண்டாதே, சத்தம் கூடாது! மேலே குட்டி பரீட்சை எழுதுது!"

"டாக்டர் பரீட்சையா இக்கா?" என்றார் ஒரு ஆட்டோக்காரர்.

"ஏதோ ஒண்ணு. ஹாரனிலிருந்து கையை எடு!"

என் இத்தனை வருட மட்டாஞ்சேரி வாழ்க்கையில், பஜார் பட்டப்பகலில் வாயை மூடிப் பார்த்தது அன்றுதான்.

மேலே வந்து எட்டிப் பார்த்தேன். காற்றில் காரம் மிச்சமிருந்தது. நந்தினியின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. முகத்தில் ஒரு அசைவு இல்லை. விரல்கள் மட்டும் ஓடுகின்றன. கோயில் சிலைக்கு டைப்பிங் தெரிந்தால் அப்படித்தான் இருக்கும்.

பேப்பரைச் சமர்ப்பித்துவிட்டு லேப்டாப்பை மூடினாள். பிறகு தும்மினாள் பாருங்கள்... விடாமல், வரிசையாக! கீழே தெருவில் கைதட்டல் கேட்டது.

கதை முடிந்தது என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்து மெயில் வந்தது. 'தேர்வின் பிற்பகுதியில் தேர்வரின் முகத்தில் அசைவு இல்லை. கேமரா முன் புகைப்படம் வைக்கப்பட்டதாகச் சந்தேகம். மதிப்பெண் நிறுத்திவைப்பு.'

அசைந்தால் காப்பி. அசையாவிட்டால் போட்டோ. பிள்ளைகள் எந்த அளவில்தான் உயிரோடு இருக்க வேண்டும்?

கல்லூரிக்கு ஓடினோம். பேராசிரியை பாவம், மொபைலைத் தூக்கிப் பிடித்தார். "மோளே, கண்ணைச் சிமிட்டு. தலையை ஆட்டு. கொஞ்சம் சிரி. உசுரோட இருக்கறதுக்கு ஆதாரமா வீடியோ அப்லோட் பண்ணணும்."

நந்தினி சிமிட்டினாள். ஆட்டினாள். சிரிப்புதான் வரவில்லை.

"நிறுத்திவெச்ச மார்க் வந்துடும்" என்றவர், மொபைலை வைத்துவிட்டுச் சும்மா கேட்டார். "கடைசிக் கேள்விக்கு என்ன எழுதினே?"

நந்தினி விழித்தாள். "மேம்... தும்மாம இருந்தது மட்டும்தான் ஞாபகம் இருக்கு."

பேராசிரியை என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். ஒரு மாதமாக 'படிச்சியா, படிச்சியா' என்று துளைத்தவள் நான். என்ன படித்தாள் என்று ஒரு நாளாவது கேட்டேனா?

வீட்டுக்கு வந்ததும் கேட்டுவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். அதற்குள் அவள் லேப்டாப் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டாள்... தும்மாமல் மூச்சுப் பிடித்துப் பழக.

வெள்ளிக்கிழமை அடுத்த பேப்பர். முருகனை இன்னும் இந்தப் பக்கம் திருப்பவில்லை.