மாதாமுனைத் தோணியில் முஸ்பிறா

வியாழக்கிழமைகளில் முஸ்பிறா வாவிக்கு முதுகைக் காட்டியபடிதான் தோணியில் ஏறுவாள். முதலில் சாக்கில் சுற்றிய கைத் தையல் மெசின் ஏறும். பிறகு துணி மூட்டை. தோணிக்காரன் டனிஸ்டன் தான் வலிக்கும் சவள் துடுப்பைத் திருப்பி, அதன் பிடியை அவள் பக்கம் நீட்டுவான். அவள் ஒரு கையால் அதைப் பற்றிக்கொண்டு, மற்றக் கையால் அபாயாவைச் சேர்த்துப் பிடித்து, தண்ணீரைத் திரும்பிப் பாராமல் காலைப் பின்னுக்கு எடுத்து வைத்து, கதிரையில் உட்காருவதுபோல நடுப்பலகையில் உட்காருவாள். தோணி மேற்கே போகும். அவளுடைய முகம் கிழக்கே, மருதமுனைக் கரையைப் பார்த்தபடி இருக்கும்.

“எல்லாரும் போற ஊரப் பாப்பாங்க. நீங்க மட்டும் வந்த ஊரப் பாக்குறீங்க, ராத்தா.”

“நீ தோணியப் பாரு, தம்பி. நான் என்ட கரையப் பாக்கன்.”

கரை சிறுத்து, தென்னைகள் ஒரு கோடாகிவிடும் வரை அவளுடைய உதடுகள் ஓதிக்கொண்டிருக்கும். அதற்குப் பிறகு கேட்கத் தொடங்குவாள்: “எவடம் வந்திருக்கம்?” டனிஸ்டன் கூசாமல் பொய் சொல்லுவான். “இன்னும் பாதிக்கு மேல கிடக்கு ராத்தா, நல்லா ஓதுங்க.” சொல்லி முடிக்குமுன் தோணி மாதாமுனை மணலில் முட்டும். “உன்ட வாய்க்கு ஒருநாளைக்கு நூல் போட்டுத் தைக்கன்” என்று அவள் இறங்குவாள். இது வாராவாரம் நடப்பது. இருவருக்கும் அலுத்ததில்லை.

அவளுக்கு ஐம்பது வயது. கணவர் ஸஹீத் கொழும்புக்கு லொறி ஓட்டுகிறவர். வீட்டில் இருக்கும் நாட்களைவிட இல்லாத நாட்கள்தான் அதிகம். சுனாமி அன்று அவளுடைய உம்மாவும் வீட்டிலிருந்த கால் மெசினும் ஒரே அலையில் போயின. உம்மாவைப் பற்றி நிறையக் கதைப்பாள். மெசினைப் பற்றியும் கதைப்பாள், அதன் சக்கரத்தில் ஒரு பல் தேய்ந்திருந்தது உட்பட. தண்ணீரைப் பற்றிக் கதைக்கமாட்டாள். கடற்கரை வீதியால் போகவேண்டி வந்தால் ஒழுங்கை ஒழுங்கையாகச் சுற்றிப் போவாள். அப்படிப்பட்டவள் ஏன் வாரந்தோறும் வாவியைத் தாண்டுகிறாள் என்று கேட்டால், அவளிடம் சுருக்கமான பதில் ஒன்று இருக்கிறது. “மருதமுனையில தடுக்கி விழுந்தா தையக்காரி மடியிலதான் விழோணும். அங்கால ஒருத்தியும் இல்ல.”

மாதாமுனை கத்தோலிக்க மீனவர்களின் ஊர். நாவிதன்வெளிப் பக்கமாகச் சுற்றிவரும் வீதி ஒன்று இருக்கிறது. மாரியில் அது வயலோடு வயலாகிவிடும். ஆண்கள் இரவெல்லாம் வலை போட்டுவிட்டுப் பகலில் தூங்குகிறார்கள். அதனால் பகலில் அந்த ஊரில் யாரும் சத்தம் வைப்பதில்லை. பெண்கள் வேலிக்கு வேலி கைச்சாடையில் கதைத்துக்கொள்வார்கள். நாய்கூட ஒருமுறை குரைத்துவிட்டு யோசிக்கும். முஸ்பிறா முதன்முதல் போய் வலைக் கொட்டிலில் மெசினை வைத்துச் சுற்றியபோது, டனிஸ்டனின் அப்பா எட்வேட் சாரத்தை முடிந்தபடி வந்து நின்றார். கோயில் சபைத் தலைவரும் அவர்தான்.

“தங்கச்சி, ஊரே படுத்திருக்கு. நீங்க மில்லுப் போட்டிருக்கிறீங்க.”

 அவள் மெசின் சுற்றி வந்த சாக்கை நாலாக மடித்து அதன் அடியில் வைத்தாள். சத்தம் பாதியாகக் குறைந்தது. அடுத்த வாரம் இரண்டு சாக்கு கொண்டுபோனாள். எட்வேட் பிறகு வரவில்லை. இன்றைக்கும் அந்த இரண்டு சாக்கும் மெசினோடு தோணி ஏறுகின்றன.

உட்கார்ந்த இடத்திலேயே அளவெடுப்பாள், வெட்டுவாள், தைத்துக் கொடுப்பாள். அவளிடம் வாயில் ஊசியைக் கடித்துக்கொண்டு கதைக்கும் பழக்கம் உண்டு. ஊசி இருக்கும்வரை யாரையும் ஏசமாட்டாள். ஊசியை எடுத்தாளென்றால் எதிரில் நிற்பவர் கவனமாயிருக்க வேண்டும். இடுப்பளவை உள்ளதற்குக் குறைத்துச் சொல்லும் பெண்களிடம், “புள்ள, துணிக்கிட்டப் பொய் சொல்லாத. அது குனியக்குள்ள காட்டிக்குடுக்கும்” என்பாள்.

இந்த ஆண்டு மாதா திருநாளன்று மாதாமுனையில் ஏழு பெண் பிள்ளைகளுக்குப் பூசையில் முதல் நன்மை, அதாவது முதன்முதல் நற்கருணை, கொடுப்பதாக இருந்தது. வெள்ளை உடுப்பும், தலைக்குப் போடும் நெட் முக்காடும் தைக்கும் பொறுப்பை முஸ்பிறாவிடம் கொடுத்தவள் டனிஸ்டனின் மனைவி சர்மினி. அவளுடைய மகள் டிலக்சினியும் அந்த ஏழு பேரில் ஒருத்தி. அதே வாரத்தில் மருதமுனை மதரசாவின் பரிசளிப்பு விழாவும் வந்தது. முஸ்பிறாவின் வீட்டில் எங்கே பார்த்தாலும் வெள்ளைத் துணி. இரண்டு வேலையையும் முடித்து, மாதாமுனை உடுப்புகளை வியாழக்கிழமை மடிப்புக் கலையாமல் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

சனிக்கிழமை காலையில் அவளுடைய போனுக்கு ஒரு படம் வந்தது. டிலக்சினி நன்மை உடுப்போடு நிற்கிறாள். நெட் முக்காடு பின்னால் தோளில் விழவில்லை. நெற்றியை மூடி, கன்னத்தை ஒட்டி வந்து, நாடிக்குக் கீழே சேர்த்துத் தைத்திருந்தது. மதரசாப் பிள்ளைகளின் பர்தாவை எப்படித் தைப்பாளோ அப்படியே. ஏழு முக்காடும் அப்படித்தான். இருபது வருடமாக அந்த வளைவில் பழகிய கை, துணி மாறியதைக் கவனிக்காமல் நாடிவரை போய் முடிச்சுப் போட்டிருந்தது.

அவள் உடனே அழைத்தாள். சர்மினி சிரித்துக்கொண்டுதான் எடுத்தாள்.

“ராத்தா, எங்கட புள்ள பூசைக்குப் போறாளா ஓதப் போறாளா எண்டு தெரியல்ல. பரவால்ல, நாங்க பிரிச்சுப் பின் குத்துறம்.”

“நெட்டுல பின் குத்தினாக் கிழியும். எட்வேட் அண்ணன் என்ன சொன்ன?”

“ஒண்டும் பெரிசா இல்ல. வாற வருசம் மட்டக்களப்பில ரெடிமேட்டா எடுப்பம் எண்டு சொன்னார்.”

“வேற ஆரும்?”

சர்மினியின் சிரிப்பு நின்றது. “விடுங்க ராத்தா. ஊரெண்டா நாலு கதை வரும்.”

“சொல்லு.”

“வேணுமெண்டு செஞ்சிருப்பாங்க எண்டு ஒரு கதை.”

முஸ்பிறா போனை வைத்தாள். ரெடிமேட் வாங்கினால் ஒரு வேலைதான் போகும். மற்றக் கதை அப்படியல்ல. அது ஒரு ஞாயிறைத் தாண்டிவிட்டால் பிறகு எந்த வியாழனிலும் அதைப் பிரிக்க முடியாது. நாளைக் காலைப் பூசைக்கு அந்தப் பிள்ளைகள் பின் குத்திய முக்காட்டோடு போய் நின்றால், பார்க்கிறவர்கள் எல்லாம் ஏன் என்று கேட்பார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் அந்தக் கதைதான் கிடைக்கும். அவள் மெசினைச் சாக்கில் சுற்றினாள்.

கரையில் கச்சான் காற்று வயல் சூட்டை அள்ளிக்கொண்டு மேற்கிலிருந்து நேரே முகத்தில் அடித்தது. வாவி முழுக்க வெள்ளை நுரை. தோணிகள் எல்லாம் மணலில் ஏறிக் கிடந்தன. திருநாளுக்குப் பூ வாங்க விடியலிலேயே வந்த டனிஸ்டன், திரும்பிப் போக முடியாமல் தோணியின் நிழலில் குந்தியிருந்தான்.

“ராத்தா, விசரா உங்களுக்கு? எதிர்க்காத்து. தனியாள் வலிச்சுப் போகேலா. ஒருத்தன் அணியத்தில இருந்து வலிக்கோணும், ஒருத்தன் பின்னால. பின்னேரம் காத்து விழட்டும், பாப்பம்.”

“பின்னேரம் போனா எப்ப பிரிச்சு எப்ப தைக்க? ஏழு முக்காடு.”

“அணியத்துக்கு ஆள் வேணுமே.”

“நான் இருக்கன்.”

டனிஸ்டன் அவளைப் பார்த்தான். பிறகு வாவியைப் பார்த்தான். “அணியத்தில திரும்பி இருக்கேலா, ராத்தா. முன்னுக்குப் பாத்துத்தான் வலிக்கோணும்.”

“தெரியும். தோணியத் தள்ளு.”

அன்றைக்கு அவள் முன்னுக்குப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிஸ்மில்லாஹ் சொல்லி, இரண்டாவது சவளைத் தண்ணீரில் விட்டாள். முதல் அலை அணியத்தில் மோதி அவளுடைய முகத்தில் தெறித்தபோது கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணை மூடினால் சவள் காற்றில் போகிறது என்பது இரண்டாவது வலிப்பில் தெரிந்தது. திறந்தாள். பிறகு மூடவில்லை. முன்னால் தண்ணீர் எழும்பி எழும்பி வந்தது. அவள் ஒவ்வொன்றுக்கும் சவளைப் போட்டாள். கை மெசின் சுற்றிச் சுற்றி அவளுடைய வலது கை உரமேறியது. அந்தப் பலத்தில் தோணி இடப்பக்கமாகவே திரும்பியது.

“ராத்தா, மெசின் சுத்துறாப்போல சுத்தாதீங்க! வட்டத்தில போறம்!”

“இடக்கைக்குச் சொல்லிட்டிருக்கன்!”

நடு வாவியில் ஆற்றுவாழைக் கூட்டம் ஒன்று காற்றில் மிதந்து வந்து தோணியை மறித்தது. அவள் குனிந்து, முழங்கைவரை தண்ணீருக்குள் கையை விட்டு, வேரோடு பிடித்து விலக்கினாள். கையில் வழிந்த தண்ணீரை ஒரு கணம் பார்த்துவிட்டு மறுபடியும் வலித்தாள். பின்னால் தலையைக் குனிந்து வலித்துக்கொண்டிருந்த டனிஸ்டனுக்கு மூச்சு வாங்கியது. கரை எவ்வளவு தூரம் என்று அவனுக்குத் தெரியவில்லை.

“எவடம் வந்திருக்கம், ராத்தா?”

“இன்னும் பாதிக்கு மேல கிடக்கு” என்றாள் முஸ்பிறா. “நல்லா ஓது.”

தோணி மணலில் முட்டியது.

வலைக் கொட்டிலில் சாக்கை விரித்து மெசினை வைத்தபிறகுதான் அவள் தன் கையைப் பார்த்தாள். வலது உள்ளங்கை கொப்புளித்துத் தோல் உரிந்திருந்தது. மெசினின் பிடியைத் தொட முடியவில்லை. இடக்கையில் பிளேடை எடுத்து ஏழு முக்காட்டின் நாடித் தையலையும் பிரித்தாள். நெட்டில் ஓர் இழைகூட அறவில்லை. ஆனால் விளிம்பை மடித்துத் தைக்க, மெசினைச் சுற்ற ஆள் வேண்டும். பிள்ளைகளைக் கூட்டிவந்த தாய்மார் சுற்றி நின்றார்கள். கதை கேட்டவர்களும், ஒருவேளை கதை சொன்னவரும் அங்கேதான் நின்றிருப்பார்கள். 

முஸ்பிறா வாயிலிருந்த ஊசியை எடுத்தாள்.

“என்ட கை செஞ்ச பிழை. பழகின பாதையில போயிட்டு. மனசு அதில இல்ல. அத நேராக்கத்தான் வந்திருக்கன்.”

எட்வேட் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அவளுடைய உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு வாசலில் தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு நின்ற மகனைப் பார்த்தார்.

“ஆர் அணியத்தில வலிச்ச?”

“ராத்தாதான், அப்பா.”

அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மெசினுக்குப் பக்கத்தில் சப்பாணி போட்டு உட்கார்ந்தார். பிடியைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினார். துணி பறந்தது.

“மெல்ல, அண்ணன். இது வலை இழுக்கிறதில்ல.”

“எப்பிடிச் சுத்தோணும்?”

“ஊர் படுத்திருக்கெண்டு நினைச்சுச் சுத்துங்க.”

தாய்மாரில் ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். எட்வேட்டும் சிரித்தார், ஆனால் கையை நிறுத்தவில்லை. ஏழாவது முக்காடு முடிந்தபோது வெயில் சாய்ந்து, காற்றும் விழுந்திருந்தது. டிலக்சினி பூமுடியை வைத்துத் திரும்பிக் காட்டினாள். நெட் முதுகில் நேராக விழுந்தது. எட்வேட் மெசினை அவரே சாக்கில் சுற்றித் தோணிவரை தூக்கிக்கொண்டு போனார். ரெடிமேட் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. போகும்போது ஒன்று மட்டும் சொன்னார்: “நத்தார்ப் பெருநாளுக்குச் சின்னதுகளுக்கு உடுப்புத் தைக்கோணும், தங்கச்சி. அளவெடுக்க வாங்க.”

திரும்பும்போது காற்றே இல்லை. டனிஸ்டன் ஒருவனே வலித்தான். அவள் கைக்குத் துணி சுற்றிக்கொண்டு நடுப்பலகையில் இருந்தாள்.

அடுத்த வியாழக்கிழமை வாவி கண்ணாடிபோல் கிடந்தது. மெசின் ஏறியது. மூட்டை ஏறியது. டனிஸ்டன் வழக்கம்போலச் சவளைத் திருப்பி அதன் பிடியை நீட்டினான். முஸ்பிறா அதைப் பற்றினாள். பற்றி, அவனுடைய கையிலிருந்து இழுத்து எடுத்துக்கொண்டு, தண்ணீரைப் பார்த்தபடியே ஏறி, நடுப்பலகையைத் தாண்டிப் போய் அணியத்தில் உட்கார்ந்தாள்.